லவுவாரின் கடைசிக் கல்

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை, பதினேழு வாரங்களில், அம்மா ஒரே பச்சை நிறப் படுக்கைவிரிப்பை முப்பத்தொரு தடவை துவைத்தார். இது ஊகம் அல்ல. எழுதி வைத்திருக்கிறேன். ஊதா நிறத்தில் நெருக்கமாகக் கோடு போட்ட பிரெஞ்சுப் பள்ளிக்கூடக் கொப்பி அது. இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் மேசையின் கீழ்த்தட்டில், பின்னாளில் நான் எழுதிய நாட்குறிப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒன்று என்று இலக்கமிடப்பட்டு இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. முப்பத்தொன்று என்று எண்ணத் தெரிந்த எனக்கு, ஏன் என்று கேட்கத் தெரியவில்லை.

நாங்கள் பிரான்சுக்கென்று வெளிக்கிட்டவர்கள் அல்லர். அப்பா முதலில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவும் நானும் மூன்று வயதுத் தம்பியும் பின்னால் போவதாக ஏற்பாடு. காசு வாங்கிக்கொண்டு எங்களைக் கூட்டிவந்தவர் பாரிஸில் ஓர் அறையில் எங்களை விட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவர்தான். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த நல்ல மனிதர்கள் எங்களை ரயில் ஏற்றி, நான்கு மணித்தியாலத் தூரத்தில் இருந்த சின்ன ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே ஊர்மன்றத்துக்குச் சொந்தமான வீடு ஒன்று காலியாக இருந்தது. அந்த ஊரில் மனிதரைவிட மாடுகள் அதிகம். தமிழர் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவருக்கு எந்த மொழியும் இன்னும் சரியாக வரவில்லை.

வீட்டுக்குள் ஒரு துவைக்கும் மெசினும் வைத்துத் தந்திருந்தார்கள். எதிர்வீட்டு மதாம் வந்து அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திக் காட்டினார். அறுபதைத் தாண்டியவர், அகன்ற உடம்பு, வீதியின் மறுகோடிக்குக் கேட்கும் குரல். அம்மா மரியாதையாகத் தலையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் போனதும் மெசினுக்கு மேல் ஒரு துணியை விரித்து, அதன்மேல் சாமிப்படத்தை வைத்தார். முதல் கிழமை குளியல் தொட்டியில் துவைத்தார். அதன்பிறகு ஒரு நாள் காலை உடுப்புகளைப் பொட்டலமாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரின் கீழ்க்கோடிக்கு நடந்தார்.

"மெசின் இருக்கல்லோ அம்மா?" என்று கேட்டேன்.

"உந்தப் பெட்டிக்கை போட்டுச் சுத்தினால் உடுப்பு நொந்துபோம், பிள்ளை."

எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஊரின் கீழ்க்கோடியில் இருந்ததுதான் லவுவார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உடுப்புத் துவைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டிய பொது இடம். பிரான்சின் ஊர்ப்புறங்களில் அநேகமாக எங்கேயும் இப்படி ஒன்று உண்டு. நீண்ட கல்தொட்டி, மேலே மரச்சட்டங்களில் நிற்கும் ஓட்டுக் கூரை, வீதிப்பக்கம் ஒரு சுவரும் அகன்ற வாசலும், தொட்டியின் விளிம்பில் தண்ணீரை நோக்கிச் சரிந்தபடி கற்கள். ஒருபக்கம் ஊற்றுத் தண்ணீர் விழும், மறுபக்கம் வழிந்து ஓடும். வீடுகளுக்கு மெசின் வந்த பிறகு அதைத் தேடுவார் இல்லை. இருபது வருடமாக அதற்குள் உழவு இயந்திரத்தின் பழைய ரயர்களும் காய்ந்த இலைகளும்தான் கிடந்தன என்று சொன்னார்கள்.

எங்கள் ஆசிரியர்தான் அதை மீட்டவர். மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். பள்ளிக்கூடம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். லவுவார் எங்கள் முன்னோரின் சொத்து, அது பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஒரு குழு அமைத்து, சனிக்கிழமைகளில் தானே நின்று பாசி சுரண்டி, ஓடு மாற்றி, கற்களை அளந்து படம் வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு பூச்சட்டி. தொட்டிக்குள் பன்னிரண்டு தங்கமீன்கள். ஜூன் மாதத்தில் மேயர் வந்து திறந்துவைப்பதாக இருந்தது.

அம்மாவுக்கு இந்தப் பாரம்பரியம் ஒன்றும் தெரியாது. அவர் கண்டது சரிவான கல், ஓடுகிற தண்ணீர். பூச்சட்டி ஒன்றைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். விரிப்பைத் தோளுக்கு மேலால் சுழற்றி ஓங்கிக் கல்லில் அடித்தார். மீன்கள் பன்னிரண்டும் மறுகோடிக்கு ஓடின. துவைத்து முடிந்ததும் பூச்சட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஆசிரியருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். துவைப்பதற்காகக் கட்டிய இடத்தில் ஒரு பெண் துவைக்கிறாள். அதை எப்படிக் குற்றம் என்பது? மீன்களுக்கு ஆகாது என்பதால், சவர்க்காரத்தைக் குறைவாகப் போடும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா குறைவாகவே போட்டார்.

மதாமுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் லவுவாருக்கே வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தொடங்கினார். தானும் தன் தாயும் இந்தக் கல்லில் முழங்காலில் நின்றே வயதைத் தொலைத்தவர்கள் என்றார். மரப்பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அதற்குள் மண்டியிட்டுத்தான் துவைப்பார்களாம். பனிக்காலத்தில் தண்ணீரின் மேல் உறைந்த பனிக்கட்டியை உடைத்துவிட்டுக் கை வைப்பார்களாம். மெசின் வாங்கிய அன்றே துவைக்கும் மரக்கட்டையை அடுப்பில் போட்டு எரித்தேன், இந்த ஆசிரியர் அதே கல்லில் பூச்சட்டி வைக்கிறார், அவருடைய முழங்காலை ஒரு நாள் இதில் வைத்துப் பார்க்கட்டும் என்றார். ஐந்து நிமிடம் சொன்ன இதை நான் அம்மாவுக்கு இப்படித் தமிழாக்கினேன்:

"அவவுக்கு முழங்கால் நோவாம்."

"பாவம். முழங்காலிலை நிண்டு துவைச்சால் நோகும்தானே. இதென்ன, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையளோ? நிமிந்து நிண்டு துவைக்கச் சொல்லு."

அதையும் சொன்னேன். மதாம் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பின.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். வீதியோரமாக ஏழு கற்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முதலாவதில் அலசலாம், அங்கே தண்ணீர் சுத்தம். கீழே போகப்போக மற்றவர்களுடைய ஊத்தை சேர்ந்து வரும். ஏழாவது கல் ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கும் ஆள்பலம் இல்லாதவளுக்கும் விடப்பட்டது. கலியாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது தானும் அதில்தான் தொடங்கியதாகவும் நாலாவது கல்லுக்கு வர ஒன்பது வருடம் எடுத்ததாகவும் சொன்னார். இப்போதுதான் ஒருத்தருமே இல்லையே, உன் தாய் ஏன் ஏழாவதில் போய் நிற்கிறாள், முதலாவதுக்கு வரச் சொல்லு என்றார்.

"இது காணும் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

"அங்கை தண்ணி நல்லதாம் அம்மா."

"இது காணும், பிள்ளை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரிலேயே நல்ல கல் சும்மா கிடக்க, கழிவுத் தண்ணீர் வெளியேறும் மூலையில் அம்மா பிடிவாதமாக நின்றார். மதாம் அம்மாவுடைய அடக்கத்தை ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா துவைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் காலத்துப் பெண்களும் ஞாயிறில் லவுவாரில் கை வைக்கமாட்டார்களாம். சைவக்காரியான அம்மாவுக்கு அந்த ஊரில் பக்தி மிகுந்த கத்தோலிக்கப் பெண் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

இனி கொப்பியைப் பற்றி. நாளுக்குப் பத்துப் புதுச் சொற்கள் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று ஆசிரியர் எனக்கு மட்டும் ஒரு கொப்பி தந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது கொடியில் காய்வதைப் பார்த்து எழுதுவது எனக்கு வசதியாக இருந்தது. சட்டை, காற்சட்டை, துவாய், காலுறை, படுக்கைவிரிப்பு. மறுநாளும் சட்டை, துவாய், படுக்கைவிரிப்பு. மே மாதத்துப் பக்கமொன்றின் ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை இப்போதும் இருக்கிறது: மறுபடியும் படுக்கைவிரிப்பா?

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எங்களுக்கு அப்பாவின் கடிதத்தை வாசிப்பார். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வாசித்த கடிதத்தில், ரொறன்ரோவில் முழங்கால் அளவு பனி, வேலைக்குப் போகப் பெரும் பாடு என்று அப்பா எழுதியிருந்தார். அதை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய உலகப்படத்துக்குக் கிட்டப் போய்க் கனடாவைப் பார்த்தார். பிறகு, வடக்கே அப்படியும் இருக்கலாம் என்றார். நான் பெருமையோடு உட்கார்ந்தேன்.

திறப்புவிழா ஒரு சனிக்கிழமை, காலை பத்தரைக்கு. வாசலுக்குக் குறுக்கே நீலம், வெள்ளை, சிவப்பில் றிபன் கட்டாமல், இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஒரு நுனி எனக்கு. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. முதல் நாள் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு மட்டும் அம்மா துவைக்கப் போகவேண்டாம் என்று தயவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "எத்தினை மணிக்கு?"

"பத்தரைக்கு."

அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் வெள்ளெனப் போய்க் கெதியா முடிச்சிடுவன்."

"வேண்டாமெண்டு சொன்னவர் அம்மா!"

"ஓம், ஓம். அவை வர முந்தி வந்திடுவன்."

அவர் வரவில்லை. வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக நான் ஆசிரியரோடு போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. ஏழாவது கல்லில் அம்மா நின்றார். அதே பச்சை விரிப்பு. கல்லுக்கு அருகே தரையில் பூச்சட்டி. நனைந்த சேலை முழங்காலுக்கு மேலே. ஊர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு சுற்றி நின்றது. மேயர் மார்புக்குக் குறுக்கே பட்டி போட்டு, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் புன்னகைத்தபடி நின்றார். பத்திரிகையிலிருந்து ஒருவர் கமராவோடு வந்திருந்தார். ஆசிரியரின் காது சிவந்திருந்தது.

அவர் என்னிடம் குனிந்து, தாயை வெளியே வரச் சொல் என்றார்.

"அம்மா, வரட்டாம்!"

"இன்னும் கொஞ்ச நேரம் எண்டு சொல்லு."

"ஏலாது அம்மா! மேயர் நிக்கிறார்!"

"பத்தரைக்கெண்டுதானே சொன்னவை? இன்னும் நேரம் இருக்கு. ஒரு இருபது நிமிசம்."

மேயர் என்னைப் பார்த்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். ஊர் என்னைப் பார்த்தது. அந்த ஊரில் அம்மாவுக்கும் உலகத்துக்கும் இடையில் இருந்த ஒரே கதவு நான். என் வெள்ளைச் சட்டையையும் றிபனின் நுனியையும் காப்பாற்றவேண்டி, நான் பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னேன்: அம்மா உங்களுக்காகத்தான் செய்கிறார். லவுவாரில் எப்படித் துவைப்பது என்று எல்லாருக்கும் செய்து காட்டுகிறார்.

மேயர் கத்தரிக்கோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கை தட்டினார். ஊரும் தட்டியது. கமராக்காரர் முன்னால் ஓடிவந்தார். கைதட்டல் எதற்கென்று தெரியாத அம்மா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விரிப்பைச் சுழற்றி அடித்தார். அடி விழும்போதெல்லாம் முன்வரிசைக்குத் தண்ணீர் தெறித்தது. முன்வரிசை சிரித்தது. ஆசிரியர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் றிபனின் நுனியை என் கையில் தந்தார். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளை வாசலின் அந்தப் பக்கம் போய் நின்றாள். அம்மா உள்ளே, றிபன் நடுவில், மேயர் வெளியே.

விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அம்மா தனியாக அதை முறுக்கத் தொடங்கியபோது, மதாம் தன்னுடைய நல்ல சப்பாத்தைக் கழற்றிவிட்டு, றிபனுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனார். அந்த உடம்பு அப்படிக் குனியும் என்று ஒருத்தரும் நினைத்திருக்கமாட்டார்கள். ஒரு நுனியைப் பிடித்தார். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். பச்சைக் கயிறு மாதிரி இறுகி, அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. வயதான பெண்கள் சிலர் ஏதோ பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெயர்கள் இறந்துபோன சலவைக்காரிகளுடையவையாக இருக்கவேண்டும். கமராக்காரர் ஒரு முழங்காலில் இருந்து குறி பார்த்தார்.

அப்போது அம்மா தன் நுனியை விட்டுவிட்டார்.

விரிப்பின் பாதி சேற்றில் விழுந்தது. மறுபாதியைப் பிடித்தபடி மதாம் திகைத்து நின்றார். அம்மா நடந்தார். ஓடவில்லை, ஆனால் அப்படி நடப்பவரை யாரும் மறிக்கமுடியாது. றிபனைக் கண்டதாகவே தெரியவில்லை. அது அவருடைய இடுப்பில் பட்டு, இழுபட்டு, என் கையிலிருந்து பறிபோய், நனைந்த சேலையில் ஒட்டிக்கொண்டு அவரோடு போயிற்று. லவுவாரைத் திறந்துவைத்தவர் மேயர் அல்லர். என் அம்மா.

வீதியில் கூட்டத்துக்குப் பின்னால், வழி கிடைக்காமல், தபால்காரரின் மஞ்சள் வான் நின்றது. அம்மா அதன் யன்னலுக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வசனத்தைச் சொன்னார்: "புர் முவா?" எனக்கா என்று அர்த்தம். தபால்காரர் தொப்பியைச் சரிசெய்து, இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மா அவருக்குத் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, சேற்றில் கிடந்த விரிப்பை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து துவைக்கத் தொடங்கினார். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழுதேன்.

"என்னை வெக்கப்படுத்திப் போட்டியள்! றிபனை அறுத்துப் போட்டியள்!"

"எப்பிடியும் வெட்டத்தானே இருந்தவை," என்றார் அம்மா.

அந்தச் சனிக்கிழமையின் பத்துச் சொற்களில் றிபன், கத்தரிக்கோல், மேயர் எல்லாம் இருக்கின்றன. ஒன்பதாவது சொல், பொய். ஆசிரியர் எல்லாச் சொல்லுக்கும் சரி போட்டிருந்தார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் அம்மாவோடு லவுவாரில் இருந்தேன். மேலே எங்கோ மூன்று தரம் ஹோர்ன் சத்தம் கேட்டது. மாடு குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். வான் வந்து நின்றதும் தபால்காரர் இறங்கி, ஓடிவந்து, தடித்த கடித உறை ஒன்றை நீட்டினார். அம்மா கையைச் சேலையில் துடைத்தார், இன்னொருமுறை துடைத்தார், பிறகு வாங்கினார். ஏழாவது கல்லில் இருந்து, கால் இரண்டும் தண்ணீருக்குள் இருக்க, வாசித்தார். மீன்கள் வந்து காலைக் கொத்தின. வாசித்து முடித்ததும், "அப்பா சுகமாம்," என்றார். அப்பா சுகம் என்பது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்ட செய்திதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொப்பியில் புதிய சொல் ஒன்று இருக்கிறது: மெசின். அம்மா சாமிப்படத்தை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு, மதாமைக் கூப்பிட்டு, கால் மணித்தியாலத்தில் எல்லாப் பொத்தான்களையும் பழகிக்கொண்டார். அதன்பிறகு அவர் லவுவாருக்குப் போகவில்லை. ஒரு நாள்கூட.

நான் சொன்ன பொய்யால்தான் என்று நினைத்தேன். ஊருக்கு முன்னால் அம்மாவை ஒரு காட்சிப் பொருளாக்கிவிட்டேன். அது எப்படியோ அவருக்குத் தெரியவந்து, மனம் நொந்து நின்றுவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். விழா ஜூனில், மெசின் ஓகஸ்டில் என்பது என் கணக்கை ஏன் குழப்பவில்லை என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. குற்றவுணர்வுக்குத் திகதி முக்கியமில்லைப் போலும். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாய் திறந்து, இரண்டு தரமும் மூடிக்கொண்டேன்.

நவம்பரில் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். அப்பா மூன்று பேருக்கும் குளிர்ச்சட்டை கொண்டுவந்து விமானநிலையத்தில் நின்றார். தம்பிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் அப்பார்ட்மென்ட். துவைக்கும் அறை நிலக்கீழ்த் தளத்தில். முதல் கிழமையே அம்மா உடுப்புக் கூடையைத் தூக்க, அப்பா வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே கீழே போனார்.

"மெசினிலை போட்டால் உடுப்பு நோகாதோ அம்மா?" என்று கேட்டேன்.

"இஞ்சத்தை மெசின் வேறை," என்றார்.

அன்று நான் எழுதியது: கனடாவில் உடுப்புத் துவைப்பது அப்பாக்கள்.

அடுத்த ஜூன் மாதம் வந்தபோது ஒவ்வொரு நாளும் யன்னலால் வெளியே பார்த்தேன். வெயில்தான் எறித்தது. சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்டேன், போன ஜூனில் முழங்கால் அளவு பனி என்று எழுதினீர்களே, இந்த வருடம் எங்கே என்று. அப்பா கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அது அந்த வருசம்," என்றார் அம்மா, கறியைப் போட்டுக்கொண்டே.

"ஓம்," என்றார் அப்பா கொஞ்சம் பொறுத்து. "அந்த வருசம் பனி பிந்திப்போச்சு."

எழுதி வைத்துக்கொண்டேன்.

போன ஒக்டோபரில் தம்பி ஒரு கலியாணத்துக்காகப் பாரிஸ் போனான். இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்த ஊரைப் பற்றி அவனுக்கு ஒரு நினைவும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று பாதையெல்லாம் எழுதிக்கொடுத்தேன். இங்கே காலை ஆறு இருபதுக்கு வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, உங்கட ஹெரிரேஜ் சைற்றுக்கு வந்திட்டன். ஒரு தொட்டி, ஒரு கூரை. இதுக்கோ நாலு மணித்தியாலம் ட்ரைவ் பண்ணி வந்தனான்?"

"மீன் இருக்கோ?"

"இருக்கு. எல்லாம் என்னைப்போலக் குண்டு."

சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் பழைய படங்கள் சில. ஒன்றில் கமராவைக் கிட்டக் கொண்டுபோனான். நனைந்த சேலை, இடுப்பில் ஒட்டிய றிபன், நடந்துகொண்டிருக்கும் அம்மா. இடதுபக்கம் வாய் பிளந்தபடி ஒரு பிள்ளை; அது நான். தம்பி போனின் உதவியோடு கீழே இருந்த வரியை வாசித்தான்: தொலைவிலிருந்து வந்த பெண்மணி ஒருவர், துவைக்கும் கலையை எங்களுக்கு நினைவூட்டினார்.

"அம்மா கலையும் காட்டினவவோ? சொல்லவேயில்லை!"

"ஏழாவது கல்லிலை போய் இரு," என்றேன்.

"ஈரம் அக்கா. நல்ல ஜீன்ஸ்."

"இரடா."

இருந்தான். போனைத் திருப்பிச் சுற்றிவரக் காட்டினான். "இதிலையிருந்து பாத்தால் ரோட் முழுக்கத் தெரியுது. அங்கை மேலை, மலை வளைவு வரைக்கும். ஒரு கார் இறங்கி வருது பாருங்கோ. இஞ்ச வர அஞ்சு நிமிசமாவது எடுக்கும்."

அந்தக் கார் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஆறாவது கல்லில் இருந்து பார் என்றேன்.

"சுவர்."

"அஞ்சாவது?"

"சுவர்தான் அக்கா. என்ன, ஏழிலையும் இருத்திப் போட்டுத்தான் விடுவியளோ?"

ஏழிலும் இருத்தினேன். முதலாவது கல்லில், அந்த நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில், சுவரைத் தவிர ஒன்றுமே தெரியாது.

போனை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். ஞாயிறுகளில் அம்மா துவைக்கவில்லை. மே மாதத்தில் வாரத்தின் நடுவே சில நாட்கள் துவைக்கவில்லை. ஜூலை பதினாலாம் திகதி துவைக்கவில்லை. பிரான்சின் நாட்காட்டியை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் தபால் இல்லாத நாட்கள். எங்கள் வீட்டிலிருந்து வீதி தெரியாது. கடிதம் இல்லாத வீட்டுக்கு முன்னால் வான் நிற்பதுமில்லை. வான் வந்து போனதா, இனித்தான் வருமா என்று அறிய அந்த ஊரில் ஒரேயொரு கல்தான் இருந்தது. அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதற்கு ஓர் ஊத்தை விரிப்பு வேண்டும். விரிப்பு ஊத்தையாக இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைக் கடிதங்கள் பாரிஸ் அறைக்கு வந்த பழைய நாலு கடிதங்கள். முறை வைத்து வாசித்திருக்கிறார். ஜூனில் மார்ச் மாதத்துக் கடிதம். மார்ச்சுக்குப் பிறகு அப்பாவுக்கு அந்த ஐந்து மாதமும் வேலையும் இருக்கவில்லை, நிலையான விலாசமும் இருக்கவில்லை என்று எப்போதோ ஒருமுறை காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். நாங்கள் அதைப் பற்றிப் பேசுகிற வீடு அல்ல.

அடுத்த ஞாயிறு அம்மா அப்பா வீட்டுக்குப் போனேன். அவர்களும் ஸ்காபரோவில்தான், என் வீட்டிலிருந்து பதினான்கு நிமிடம். அப்பாவுக்கு எண்பது. கீழே பேஸ்மென்ட்டில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு அவருடைய உடுப்புத் துவைக்கும் நாள். இத்தனை வருடத்தில் அம்மா அந்தக் கூடையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தம்பி அனுப்பிய படத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஐயோ, இந்தப் பெட்சீற்! அந்தச் சேறு பிறகு போகவேயில்லை தெரியுமோ? எவ்வளவு தேய்ச்சனான்."

அப்பா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "எல்லாரும் கமராவைப் பாக்கினம். நீர் எங்கை பாக்கிறீர்?"

"வான் வருதெல்லோ," என்றார் அம்மா, சாதாரணமாக.

அப்பா என் போனைக் கையில் வாங்கினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். போன் இருண்டுபோனது; அதன்பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, மெசின் முடிஞ்சிருக்கும், எடுத்துப்போட்டு வாறன் என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

மெசின் முடியவில்லை. முடிந்தால் அது மணி அடிக்கும். கொஞ்சம் பொறுத்து நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மெசினுக்கு முன்னால் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.